சவ்வுக் கட்டுரைகள் எதை அளக்கின்றன?

ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பதிவு இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வேதியியல் படித்தவன் இல்லை. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், அதற்குப் பிறகு இருபது வருஷமாக சாஃப்ட்வேர் வேலை. கழிவுநீர் பக்கம் வந்தது எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் புண்ணியத்தில். கமிட்டியில் "டெக்னிக்கல் ஆள்" யார் என்று கேட்டார்கள், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவ்வளவுதான் கதை.

எங்கள் அடுக்ககத்தின் கீழே இருப்பது எம்.பி.ஆர். வகை எஸ்.டி.பி. தெரியாதவர்களுக்காக ஒரு வரி: சாக்கடை நீரைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருக்கிற தொட்டிக்குள்ளேயே பாலிமர் சவ்வுகளை முக்கி வைத்திருப்பார்கள். சேமியாவுக்கு நடுவில் துளை போட்டது மாதிரி ஆயிரக்கணக்கான இழைகள். பம்ப் உள்ளிருந்து உறிஞ்சும், தெளிந்த தண்ணீர் இழைக்குள் வரும், சேறு வெளியே நிற்கும். சவ்வில் சேறு ஒட்டாமல் இருக்க, அடியிலிருந்து ப்ளோவர் காற்றை விட்டுக்கொண்டே இருக்கும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சவ்வுகள் அடைத்துக்கொண்டன. புதிதாக வாங்க வேண்டும். நான் ஆர்வக்கோளாறில் ஆய்வுக்கட்டுரைகளை இறக்கிப் படிக்க ஆரம்பித்தேன். நானோ துகள் கலந்த பி.வி.டி.எஃப். சவ்வு, கிராஃபீன் ஆக்சைடு கலந்த பாலிசல்ஃபோன் சவ்வு, தண்ணீரை ஈர்க்கும் பூச்சு பூசிய சவ்வு என்று வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி பட்டை வரைபடங்கள், எல்லாவற்றிலும் புதிய சவ்வுதான் உயரமான பட்டை. சரியாக அந்த நேரத்தில் ஒரு விற்பனையாளர் "நானோ கோட்டிங்" போட்ட சவ்வு என்று கையேட்டோடு வந்தார். கையேட்டில் இருந்த எண்களும் நான் படித்த எண்களும் ஒத்துப்போயின. நானே ஸ்லைடு போட்டு, பொதுக்குழுவில் பேசி, சாதாரணச் சவ்வைவிடக் கூடுதல் விலைக்கு அதை வாங்க வைத்தேன்.

பதினான்கு மாதத்தில் அழுத்தம் எகிறியது. சவ்வுக் கட்டைத் தூக்கிப் பார்த்தோம். இழைகளின் மேல்முனையில் பின்னல் பின்னலாக முடி. கூடவே டிஷ்யூ நார், ஈரத்துடைப்பான் துணுக்கு எல்லாம் சேர்ந்து கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. எங்கள் ஆபரேட்டர் அண்ணன் அதைக் கத்தியால் அறுத்துக்கொண்டே சொன்னார்: "சார், நீங்க கோட்டிங்கு பத்திப் பேசிட்டு இருந்தீங்க. முடிதான் சார் எமன். முன்னாடி இருக்கிற சல்லடை ஓட்டை ஆறு மில்லிமீட்டர், அதுல பூனையே போகும்."

பூனை போகாதுதான். ஆனால் மனிதர் சொன்னது சரி. தொட்டிக்குள் முக்கும் இழைச் சவ்வுக்கு முன்னால் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் சல்லடை வேண்டும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். நான் படித்த எந்தச் சவ்வுக் கட்டுரையிலும் "முடி" என்ற சொல்லே கிடையாது.

பணம் என்னுடையது மட்டுமல்ல, பலர் மாதாமாதம் கட்டும் பராமரிப்புப் பணம். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் அதே கட்டுரைகளை மறுபடி எடுத்து, இந்த முறை ஒரு கோடு ரிவ்யூ செய்கிற கண்ணோடு படித்தேன். இந்தப் பதிவு அந்த ரிவ்யூதான்.

கட்டுரைகளின் வார்ப்பு கிட்டத்தட்ட ஒன்றே. பாலிமரை டி.எம்.எஃப். அல்லது என்.எம்.பி. கரைப்பானில் கரை. ஏதாவது ஒரு துகளைச் சேர். கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழு. தண்ணீரில் முக்கு, பாலிமர் உறைந்து சவ்வாகும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடு. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துக் கோணம் அள. சுத்தமான தண்ணீரை அழுத்தி எவ்வளவு போகிறது என்று பார். பிறகு பி.எஸ்.ஏ. என்கிற மாட்டு ரத்தப் புரதக் கரைசலை ஒரு மணி, இரண்டு மணி நேரம் வடிகட்டு. கழுவு. மறுபடி சுத்தமான தண்ணீர் விடு. பழைய ஓட்டத்தில் எத்தனை சதவீதம் திரும்பி வந்தது? தொண்ணூறுக்கு மேல் வந்தால், "நகராட்சிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு மிகவும் ஏற்றது" என்று முடி.

இதில் தலைப்புச் செய்தியாக வருவது சுத்தத் தண்ணீர் ஓட்டம். அதை முதலில் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் சவ்வில், ஒரு மணி நேரத்தில், ஒரு பார் அழுத்தத்துக்கு இத்தனை லிட்டர் என்று அளப்பார்கள். புதிய சவ்வு ஒன்று 500 லிட்டர் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் புதுமைச் சவ்வு 1000 விடுகிறது. இருமடங்கு! கைதட்டல்.

ஆனால் எம்.பி.ஆர். தொட்டியில் சவ்வை ஓட்டுவது எத்தனையில்? ஏறக்குறைய 15 முதல் 25 லிட்டரில். 20 என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சவ்வில் 20 லிட்டர் போக, சவ்வுக்கு மட்டும் தேவையான அழுத்தம் 0.04 பார். அதாவது 40 சென்டிமீட்டர் தண்ணீரின் கனம், ஒரு குடத்து உயரம் சொச்சம். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் மொத்த அழுத்தம் 0.2 பார் என்றால், மீதி 0.16 பாரும் சவ்வின் மேல் படிந்த சேற்றையும் துளைக்குள் அடைத்த பசையையும் தாண்டுவதற்கு. புதுமைச் சவ்வு வந்தால் 0.04 என்பது 0.02 ஆகும். மீதி 0.16 அப்படியே.

இதை மின்சாரமாக மாற்றிப் பாருங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 40 சென்டிமீட்டர் தூக்கத் தேவை சுமார் 1.1 வாட் மணி. பம்பின் திறன் பாதிதான் என்றாலும் 2.2. பெரிய நகராட்சி எம்.பி.ஆர். நிலையம் ஆயிரம் லிட்டருக்குச் செலவழிப்பது 0.6 முதல் 1 யூனிட் வரை. ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் மணி. ஆக, சவ்வின் தடையைப் பாதியாக்க வேண்டாம், பூஜ்யமே ஆக்கிவிட்டாலும் மிச்சமாவது ஆயிரத்தில் நான்கு பங்குகூட இல்லை. நம் துறையில் 1967-லேயே ஆம்டால் சொல்லிவிட்டுப் போன விஷயம்தான்: மொத்த நேரத்தில் அரை சதவீதம் எடுக்கிற ஃபங்ஷனை எவ்வளவு வேகப்படுத்தினாலும் புரோகிராம் வேகமாகாது.

"இல்லை, ஓட்டம் இருமடங்கு என்றால் சவ்வுப் பரப்பு பாதி போதுமே, முதலீடு குறையுமே" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பரப்பைத் தீர்மானிப்பது சுத்தத் தண்ணீர் ஓட்டமாக இருந்தால் அவர் சொல்வது சரி. ஆனால் 500 விடக்கூடிய சவ்வை ஏன் 20-ல் ஓட்டுகிறார்கள்? அதற்கு மேல் இழுத்தால் சேறு சவ்வின் மேல் அப்பிக்கொள்ளும், காற்றால் உதற முடியாது. ராபர்ட் ஃபீல்டும் அவரது சகாக்களும் 1995-ல் முன்வைத்த கிரிட்டிகல் ஃப்ளக்ஸ் என்ற கருத்து இதுதான். ஒரு எல்லை இருக்கிறது, அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு மெதுவாக வரும், மேலே போனால் விறுவிறு என்று ஏறும். அந்த எல்லையை வைப்பது சேறும் காற்றும் தொட்டியின் வடிவமும். கண்ணாடித் தகட்டில் இழுத்த சவ்வின் துளைகளுக்கு அதில் சின்னப் பங்குதான்.

சரி, ஓட்டத்தின் மேல் இவ்வளவு மோகம் எங்கிருந்து வந்தது? எனக்குத் தோன்றுவது, இது ஒரு பழைய வெற்றியின் வாசனை. 1950-களின் கடைசியில் செல்லுலோஸ் அசிடேட் படலம் உப்பைத் தடுக்கும் என்று ஃப்ளோரிடாவில் ரீடும் பிரெட்டனும் காட்டினார்கள். ஆனால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. கலிஃபோர்னியாவில் சிட்னி லோபும் நம்மூர்ப் பெயர் கொண்ட சௌரிராஜனும் மேலே மெல்லிய தோல், கீழே பஞ்சு மாதிரி அடிப்பகுதி என்று ஒரு சவ்வைச் செய்தார்கள். ஓட்டம் பத்து மடங்குக்குப் பக்கத்தில் உயர்ந்தது. 1965-ல் கோலிங்கா என்ற சின்ன ஊரில் அதை வைத்துக் குடிநீர் கொடுத்தார்கள். அன்றைக்கு ஓட்டம்தான் நோய், அவர்கள் கொடுத்தது சரியான மருந்து. அறுபது வருஷம் கழித்து, வேறு நோயாளிக்கு அதே மருந்தை எழுதிக்கொண்டிருக்கிறோம். கடல்நீர்ச் சவ்வுகளுக்கே இனி ஓட்டத்தைக் கூட்டி ஆதாயம் குறைவு, தேர்ந்து பிரிக்கும் திறன்தான் முக்கியம் என்று எலிமெலெக் குழுவினர் 2016-ல் வெளிப்படையாக எழுதினார்கள். கழிவுநீர்ப் பக்கம் அந்தக் குரல் இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இப்போது சோதனை முறைக்கு வருகிறேன். எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம் இது.

ஆய்வகத்தில் அழுத்தத்தை நிலையாக வைத்து, ஓட்டம் குறைவதைப் பார்க்கிறார்கள். நிலையத்தில் ஓட்டத்தை நிலையாக வைக்கிறார்கள், அழுத்தம் ஏறுகிறது. ஊரிலிருந்து வருகிற சாக்கடையை "சவ்வு அடைத்திருக்கிறது, மெதுவாக வா" என்று நிறுத்தி வைக்க முடியாதே. இரண்டும் ஒன்றுதான் போலத் தோன்றும், ஒன்றல்ல. நிலையான அழுத்தத்தில் சவ்வு அடைய அடைய ஓட்டம் குறைகிறது, ஓட்டம் குறைந்தால் அழுக்கை இழுத்து வரும் விசையும் குறைகிறது, அடைப்பு தன்னைத்தானே தணித்துக்கொள்கிறது. நிலையான ஓட்டத்தில் இந்தச் சலுகை கிடையாது. திறந்திருக்கும் துளைகள் மிச்ச பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும், அவையும் அடையும், பிறகு ஒரே தாவல். எங்கள் அழுத்தமானியில் அந்தத் தாவலை நான் கண்ணால் பார்த்தேன். திங்கள்கிழமை ஒன்றுமில்லை, வியாழக்கிழமை அலாரம்.

அடுத்தது அந்தப் புரதம். பி.எஸ்.ஏ. மலிவு, எங்கும் கிடைக்கும், எல்லோரும் ஒரே பொருளை வைத்துச் சோதித்தால் ஒப்பிடலாம். எல்லாம் சரி. ஆனால் அந்தச் சோதனைக்கரைசலின் காரத்தன்மை பொதுவாக பி.ஹெச். 7.4 பக்கம் இருக்கும். அங்கே இந்தப் புரதம் எதிர்மின் சுமை கொண்டது. கார்பாக்சில் தொகுதிகள் நிறைந்த கிராஃபீன் ஆக்சைடு மாதிரி ஒன்றைச் சேர்த்தால் சவ்வின் மேற்பரப்பும் எதிர்மின் ஆகும். ஒன்றையொன்று தள்ளும், ஒட்டாது. தேர்வுத்தாள் கையில் கிடைத்த பிறகு படித்த பையன் மாதிரி. நிஜச் சாக்கடையில் கால்சியம் இருக்கிறது. நுண்ணுயிர்கள் சுரக்கும் பசையில் இருக்கும் கார்பாக்சிலையும் சவ்வின் கார்பாக்சிலையும் அந்தக் கால்சியம் பாலம் போட்டுப் பிணைக்கும். ஆய்வகத்தில் காப்பாற்றிய அதே தொகுதி தொட்டியில் காலை வாரலாம். அதிலும் சோதனைக்கரைசலில் லிட்டருக்கு ஒரு கிராம் புரதம் என்றால், எம்.பி.ஆர். தொட்டியில் லிட்டருக்கு எட்டு, பத்து கிராம் உயிருள்ள சேறு.

அந்த "தொண்ணூற்றைந்து சதவீதம் திரும்பி வந்தது" கணக்கும் என்னை உறுத்துகிறது. நிலையத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை உறிஞ்சலை நிறுத்தி ஓய்வு கொடுப்பார்கள், அல்லது பின்னோக்கித் தண்ணீர் விடுவார்கள். ஒரு நாளைக்கு 144 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மீளாத இழப்பு வெறும் 0.1 சதவீதம் என்று வைத்தாலும், ஒரே நாளில் மிஞ்சுவது 86.6 சதவீதம், ஒரு வாரத்தில் 36. வாரம் ஒருமுறை மருந்துக் கழுவல், அதற்குள் பத்து சதவீதம் மட்டும் இழக்கலாம் என்றால், ஒரு சுற்றுக்கு அனுமதி 0.01 சதவீதம். நிஜத்தில் இழப்பு இப்படி ஒரே சீராக நடக்காது, ஆய்வகச் சுற்றும் நிலையச் சுற்றும் ஒரே நீளமும் இல்லை. ஆனாலும் அளவின் வரிசை புரியும். நமக்கு வேண்டிய எண் தசமத்தின் நான்காவது இடத்தில் இருக்கிறது. மூன்று சுற்று ஓட்டி, ஒன்றிரண்டு சதவீதப் பிழையோடு சொல்லும் சோதனையால் அதைப் பார்க்கவே முடியாது. மூன்று ரிக்வெஸ்ட் அனுப்பிவிட்டு "சர்வரில் மெமரி லீக் இல்லை" என்று யாராவது என்னிடம் வந்தால் நான் என்ன சொல்வேன்?

மருந்துக் கழுவல் என்றேனே, அது ஹைப்போ. சோடியம் ஹைப்போகுளோரைட். வாரம் ஒருமுறை 500 பி.பி.எம்., ஒரு மணி நேரம் என்றால் பத்து வருஷத்தில் 2.6 லட்சம் பி.பி.எம். மணி. பெரிய கழுவல்கள் தனி. சவ்வைத் தண்ணீர் ஈர்க்க வைக்கப் பரவலாகச் சேர்க்கும் பி.வி.பி. என்ற பாலிமரை இந்த ஹைப்போ அரித்து வெளியேற்றும் என்பது ஏற்கெனவே தெரிந்த சங்கதி. பி.வி.டி.எஃப். ஹைப்போவைத் தாங்கும், ஆனால் காஸ்டிக்கில் அதன் ஃப்ளோரின் கழன்று நிறம் மாறி நொறுங்கத் தொடங்கும். கழுவக் கழுவக் கரைகிற பூச்சுக்குக் கூடுதல் விலை கொடுத்தேன் என்பதை நான் புரிந்துகொண்டது இந்த இடத்தில்தான். கட்டுரை எழுதுபவர்கள் சவ்வை ஒரு டப்பா ஹைப்போவில் ஒரு மாதம் ஊறப்போட்டுவிட்டு மறுபடி அளந்தால் போதும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

என் நோக்கம் ஆய்வு மாணவர்களைத் திட்டுவதில்லை. மூன்று வருஷத்துக்குள் முனைவர் பட்டம் முடிக்க வேண்டிய ஒருவர், உள்ளங்கை அளவுச் சவ்வை வைத்துக்கொண்டு, ஒரு வருஷம் சாக்கடையில் சோதனை நடத்த முடியாது. கேட்கிற நிதிக்குழு "புதுமை எங்கே" என்று கேட்கிறது, "எத்தனை நாள் ஓடும்" என்று கேட்பதில்லை. ஆனால் அப்படியானால் முடிவுரையில் நகராட்சியை இழுக்காமல் இருக்கலாமே. "இந்தப் புரதத்தை இந்தச் சவ்வு இரண்டு மணி நேரம் நன்றாகத் தாங்கியது" என்று எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்தக் கடைசி வாக்கியம் கையேடாக மாறி, ஸ்லைடாக மாறி, சங்கத்தின் காசோலையாக மாறுகிறது.

இந்தத் துறை உண்மையில் எப்படி முன்னேறியது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. 1989-ல் ஜப்பானில் யமமோட்டோவும் சகாக்களும் சவ்வை வெளியே வைத்து அதிக அழுத்தத்தில் சேற்றைச் சுற்றவிடுவதற்குப் பதிலாக, தொட்டிக்குள்ளேயே முக்கி லேசாக உறிஞ்சினார்கள். செலவு ஒரேயடியாக இறங்கியது. பாலிமர் மாறவில்லை, இடம் மாறியது. கனடாவின் ஜெனான் காற்றைத் தொடர்ந்து விடாமல் பத்து விநாடி விட்டு, பத்து விநாடி நிறுத்தியது. அதே நிறுவனம் பின்னல் கயிற்றின் மேல் பி.வி.டி.எஃப். பூசி இழை செய்தது. அலசலில் இழை அறுந்துபோகாமல் இருக்க இது உதவியது. இது பாலிமர் முன்னேற்றம்தான், ஆனால் எந்தக் கோண அளவீட்டிலும் தெரியாத முன்னேற்றம். சைமன் ஜட் எழுதிய எம்.பி.ஆர். புத்தகத்தைப் படித்தபோது, ஒரு கன மீட்டர் சுத்த நீருக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்று அவர் நிலையம் நிலையமாகக் கணக்குப் பார்ப்பதைக் கண்டேன். பத்து, இருபது, அதற்கு மேலும். எனக்கு வேண்டிய எண் அதுதான். ஒரு புதிய சவ்வு வந்தால் அந்த இருபது பதினைந்தாகுமா? நான் படித்த கட்டுரைகளில் அந்தக் கேள்வியைக் கேட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

சென்னைக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கொள்ளளவில், சுத்திகரித்த சாக்கடை நீரை மறுபடி வடிகட்டித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் வந்தன. ஆர்.ஓ.வுக்கு முன்னால் அங்கே வேலை பார்ப்பது அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் சவ்வுகள். ஏரி வற்றிய அந்த வருஷக் கோடையை இங்கே இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் சவ்வை எப்போது மாற்றுவது, எந்த எண்ணை நம்பி வாங்குவது என்பது அங்கே குடியிருப்போர் சங்கத்துப் பிரச்சினை அல்ல, ஊர்ப் பிரச்சினை.

பாலிமர் வேதியியலாளர்களுக்கு வேலை இல்லை என்று சொல்ல வரவில்லை. 2023-ல் ஐரோப்பாவில் ஃப்ளோரின் சேர்மங்களைக் கட்டுப்படுத்த முன்வைத்த வரைவில் பி.வி.டி.எஃப்.பும் அடங்கும். ஃப்ளோரின் இல்லாமல், ஹைப்போவையும் காஸ்டிக்கையும் பத்து வருஷம் தாங்கி, அலசலில் அறுந்துபோகாத இழை ஒன்றை யாராவது செய்தால், அதன் சுத்தத் தண்ணீர் ஓட்டம் இப்போதைய சவ்வில் பாதியாக இருந்தாலும் நான் வாங்கச் சொல்வேன். மேலே போட்ட கணக்கின்படி அந்தப் பாதி ஓட்டத்தால் நஷ்டம் இன்னொரு குடத்து உயரம்.

எங்கள் கதை: முதலில் இரண்டு மில்லிமீட்டர் சல்லடை போட்டோம். சவ்வின் விலையில் ஒரு சின்னப் பகுதிதான் ஆனது. முடியை அறுத்து, ஊறவைத்துக் கழுவி, அதே சவ்வை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஆபரேட்டர் அண்ணன் காலை ஏழு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் அழுத்தத்தை நோட்டில் எழுதுகிறார், நான் ஞாயிற்றுக்கிழமை அதை எக்செலில் ஏற்றுகிறேன். வரும் மார்ச்சில் புதிய கொள்முதல். இந்த முறை விலைப்புள்ளி கேட்கும்போது மூன்று கேள்விகளை எழுதி அனுப்பினேன்: 20 லிட்டர் நிலையான ஓட்டத்தில் நிஜச் சேற்றில் ஆறு மாத அழுத்தப் பதிவு உண்டா, எத்தனை பி.பி.எம். மணி ஹைப்போவுக்கு உத்தரவாதம், ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு காற்று. நான்கு பேருக்கு அனுப்பியதில் இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் காற்றின் அளவையும் ஹைப்போ உத்தரவாதத்தையும் எழுதி, பதிவுக்கு வேறொரு குடியிருப்பின் ஆபரேட்டர் எண்ணைக் கொடுத்திருக்கிறார். இன்னொருவர் சுத்தத் தண்ணீர் ஓட்டத்தின் பட்டை வரைபடம் அனுப்பியிருக்கிறார்.